83 லட்சம் புள்ளிகளும் ஒரே ஒரு கார்டும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த மடிக்கணினிகள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தன. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. பிளஸ் டூ பிள்ளைகள் அதில் பாடம் பார்த்தார்கள், படம் பார்த்தார்கள், பென்டிரைவில் கைமாறி வந்த கேம்களைப் போட்டு ஆடினார்கள். 2003-இல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி' தடையில்லாமல் ஓடியது. புதிதாக வந்த கேமைப் போட்டால் படம் ஸ்லைடு ஷோ போல நகர்ந்தது, பிறகு ஹேங் ஆகி நின்றது.

அதற்குக் காரணம் எளிது. அந்தக் கணினியில் தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரையும் வேலையைப் பிராசசருக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பகுதி கவனித்தது. அதற்கு வேண்டிய நினைவகத்தையும் கணினியின் 2 ஜிபி ராமில் இருந்தே எடுத்துக்கொண்டது. திரையின் அளவு 1366க்கு 768. பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள்.

அதே 2011-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் 2560க்கு 1600 திரையை, அதாவது 41 லட்சம் புள்ளிகளை, மேசையில் வைத்துக்கொண்டு ஒரே கணினிக்குள் இரண்டு, மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார்டு போதுமா என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றைக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிறது. இடையில் அது பலமுறை 'போதாது' என்றும், ஓரிருமுறை 'போதும்' என்றும் பதில் பெற்றது. கடைசியில் கிடைத்த பதில், கேள்வி கேட்டவர்கள் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

புள்ளிகளால் படம் உண்டாவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல. பட்டுச் சேலைக்கு மயிலோ அன்னமோ போட வேண்டுமென்றால் டிசைன் போடுபவர் முதலில் கிராஃப் தாளை எடுக்கிறார். ஒவ்வொரு கட்டமும் பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஓர் இடம். எந்தக் கட்டத்தில் பாவு மேலே எழ வேண்டும், எதில் கீழே கிடக்க வேண்டும் என்று நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் தறி அந்தப் படத்தை வரி வரியாக நெய்கிறது. பிரான்சின் லியோன் நகரில் 1800-களின் தொடக்கத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி இது. துளையிட்ட அட்டை என்ற இந்த யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். பெட்டியில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் படத்தின் நுணுக்கம். 120 கொக்கிக்கு ஒரு மயில், 240 கொக்கிக்கு வேறு மயில். கொக்கி கூடினால் கட்டமும் கூடும், அட்டையும் கூடும், வேலையும் கூடும்.

கேம் ஆடும் கணினியில் நடப்பதும் கட்டம் நிரப்பும் வேலையே. ஒரு வித்தியாசம், சேலையில் ஒரு முறை நெய்தால் போதும். கேமில் ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக நெய்ய வேண்டும். 4கே எனப்படும் 3840க்கு 2160 திரையில் 82,94,400 புள்ளிகள். அதை 60 முறை நிரப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி புள்ளி. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம், நிழல், நிறம், தூரம் எல்லாம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் நொடியின் அறுபதில் ஒரு பங்கு.

இந்தச் சுமையை இரண்டாகப் பிரித்தால் என்ன என்று வீட்டுக் கணினி உலகில் முதலில் துணிந்தது 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். 1996-இல் அது கொண்டுவந்த வூடூ கார்டு 640க்கு 480 அளவில் முப்பரிமாணக் காட்சிகளை வழவழவென்று ஓட்டியது. 1998-இல் வூடூ2 வந்தது. ஒரு கார்டு 800க்கு 600 வரை தாங்கும். அதற்கு மேல் 1024க்கு 768 வேண்டுமானால் இரண்டு கார்டு வாங்கி, நடுவில் ஒரு சிறு நாடா கேபிளால் இணைக்க வேண்டும். ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். இதற்கு எஸ்எல்ஐ என்று பெயரிட்டார்கள். வூடூ2 முப்பரிமாண வேலையை மட்டுமே செய்யும் என்பதால் சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு வேண்டும். ஆக மொத்தம் மூன்று கார்டு. 'குவேக் 2' ஆடியவர்கள் அந்தச் செலவுக்கும் தயாராக இருந்தார்கள்.

வரிகளைப் பிரித்துக்கொள்வது உண்மையில் தூர்தர்ஷன் பார்த்த அத்தனை பேரும் அறியாமலே பார்த்த தந்திரம். பழைய தொலைக்காட்சியின் 625 வரிகளும் ஒரே நேரத்தில் வந்ததில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில் இரட்டைப்படை வரிகள். ராமாயணத்தையும் ஒளியும் ஒலியையும் அந்தப் பாதிப் பாதிப் படங்களில்தான் கண் முழுசாகப் பார்த்தது. குறைவாகக் கொடுத்தாலும் கண் நிறைத்துக்கொள்ளும் என்ற இந்தச் செய்தி பின்னால் மறுபடி வரும்.

3டிஎஃப்எக்ஸ் நெடுநாள் நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை வாங்குவதாகப் போட்டி நிறுவனமான என்விடியா அறிவித்தது. எஸ்எல்ஐ என்ற பெயரும் அதோடு கைமாறியது.

அந்த ஆண்டுகளில் உத்திரமேரூர், வாலாஜாபாத், மதுராந்தகம் அளவிலான ஊர்களில் கேம் என்றால் பிரவுசிங் சென்டர். 15 அல்லது 17 அங்குலக் கண்ணாடிக் குழாய் மானிட்டர், போர்டிலேயே பதிந்த கிராபிக்ஸ், மணிக்கணக்கில் காசு. 'ரோடு ராஷ்', 'ஐஜிஐ', 'கவுன்டர் ஸ்ட்ரைக்', 'வைஸ் சிட்டி' ஆகியவைதான் தமிழ்நாட்டுச் சிறு ஊர்களின் ஒரு தலைமுறைக்கே பொதுவான கேம் பட்டியல். தனிக் கார்டு வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரேடியோ உதிரிபாகம் விற்ற சந்துகளில், 1990-களுக்குப் பிறகு கணினிப் பாகங்கள் குவிந்தன. அசெம்பிள்டு சிஸ்டம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தத் தெருவுக்குப் பெரும் பங்கு உண்டு. கேபினட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள் ஏராளம்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மறுகோடியில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்பேசித் தயாரிப்பைத் தொடங்கியது. 2007-இல் டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை வந்தது. உத்திரமேரூர் பக்கத்து இளைஞர்களும் இளம்பெண்களும் விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகத் தொடங்கினார்கள். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது அந்தப் பஸ்களில் சில நின்றுபோயின. கணினி செய்யும் மாவட்டமாகிவிட்ட இந்த மண்ணில், நல்ல கேம் கணினி மட்டும் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. இதைச் சொல்லாமல் கார்டு வரலாறு எழுதினால் அது அயலூர் வரலாறாகிவிடும்.

2004-இல் என்விடியா எஸ்எல்ஐ-க்கு உயிர் கொடுத்தது. பெயரின் மூன்று எழுத்தும் அதே, விரிவு வேறு. மறு ஆண்டே போட்டி நிறுவனமான ஏடிஐ தன் கிராஸ்ஃபயரைக் கொண்டுவந்தது. இம்முறை வரிகளைப் பிரிக்கவில்லை. முதல் ஃபிரேமை ஒரு கார்டு, இரண்டாவது ஃபிரேமை மற்றது, மூன்றாவது மறுபடி முதல் கார்டு என்று மாற்றி மாற்றி வரையும் முறையே பெரிதும் நிலைபெற்றது. 2007 நவம்பரில் 'கிரைசிஸ்' என்ற கேம் வந்ததும் இந்த ஏற்பாட்டின் பெருமை உச்சத்துக்குப் போனது. ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் செய்த அந்தக் கேம் அன்றைய எந்தத் தனிக் கார்டையும் பெரிய திரையில் திணறடித்தது. 'இதில் கிரைசிஸ் ஓடுமா?' என்பது கணினி வாங்குவோரின் நிலையான கேள்வியாகி, பல ஆண்டு நின்றது.

இரண்டு கார்டு போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையைப் பார்த்தவருக்கு அது விளங்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஊடையிலேயே பின்னிச் சேர வேண்டும். மூன்று நாடா ஓடும் அந்தத் தறிக்கு நெசவாளரோடு கரை பக்கம் இன்னொருவர் கை வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் கோர்வை சுத்தமாக விழும். ஒருவர் அரை நொடி பிந்தினால் கரையில் தெரிந்துவிடும். இரண்டு கார்டுகளின் கதையும் இப்படித்தான். சராசரி கணக்கில் நொடிக்கு 60 ஃபிரேம் வந்தது. ஆனால் இரண்டு ஃபிரேம் ஒட்டி வந்து, அடுத்தது தாமதித்து, மறுபடி இரண்டு ஒட்டி வந்தன. எண் நன்றாக இருந்தது, கண்ணுக்குத் தடுக்கியது. இதை மைக்ரோ ஸ்டட்டர் என்றார்கள். 2011-இல் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று அளந்து எழுதினார். கார்டுகளை மதிப்பிடும் முறையே அதன்பின் மாறிப்போனது. இந்தத் துறையில் ஓர் எழுத்தாளர் செய்த மிகப் பயனுள்ள வேலை அது என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல் நினைவகம். இதற்கு உத்திரமேரூர் ஏரியே நல்ல விளக்கம். பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி அது. குடவோலை முறைக்குப் புகழ்பெற்ற, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம் அமைத்ததைச் சொல்கின்றன. ஏரியின் கொள்ளளவு ஒன்று, மதகின் அகலம் வேறொன்று என்பது அந்த வாரியத்தாருக்கும் தெரியும், மதகு திறந்து நீர் பாய்ச்சும் இன்றைய நீர்க்கட்டிக்கும் தெரியும். தண்ணீர் ததும்பி நின்றாலும் மதகு குறுகலென்றால் கடைமடைக்கு எட்டாது. கிராபிக்ஸ் கார்டில் ஜிபி என்பது ஏரி. அதிலிருந்து நொடிக்கு எத்தனை ஜிபி தரவு சிப்பை எட்டும் என்பது மதகு. விலையில்லா மடிக்கணினியின் மதகில் நொடிக்கு இருபது ஜிபிக்கு மேல் பாயாது. அதையும் பிராசசரோடு பங்கு போட வேண்டும். என்விடியாவின் 2022 கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-இல் நொடிக்கு சுமார் 1,000 ஜிபி.

இரண்டு கார்டு போடுவது இரண்டு ஏரியை இணைப்பது அல்ல. இரு கார்டும் ஒரே காட்சியை வரைவதால், சுவருக்கும் மரத்துக்கும் முகத்துக்கும் ஒட்ட வேண்டிய படங்கள் இரண்டிலும் முழுசாக இருக்க வேண்டும். 3 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 6 ஜிபி ஆகாது, 3 ஜிபிதான். பெரிய திரைக்குப் பெரிய நினைவகம் தேவைப்பட்ட நாள் வந்ததும் இந்தக் குறை நடுவீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த நாள் 2013-இல் வந்தது. அவ்வாண்டின் நடுவில் ஆசுஸ் நிறுவனம் பிக்யூ321 என்ற 31.5 அங்குல 4கே மானிட்டரை அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்றது. அந்தத் திரையே இரண்டு பாதியாகத்தான் கணினிக்குத் தெரிந்தது. 60 முறை புதுப்பிக்க வேண்டுமானால் இடப்பக்கம் 1920க்கு 2160, வலப்பக்கம் 1920க்கு 2160 என இரு திரைகளாகப் பிரித்து, ஒரே கேபிளில் இரு ஓடைகளாக அனுப்பி, ஒட்டுப்போட்டது போலச் சேர்த்தார்கள். சில சமயம் ஒரு பாதி விழித்து மறு பாதி இருண்டு கிடக்கும். 4கே-க்கு ஒரு கார்டு போதாது என்று அன்று எழுதியவர்கள் தவறாக எழுதவில்லை. 2014 ஏப்ரலில் என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி ஒரே பலகையில் இரண்டு சிப்புகளை வைத்து ஆர்9 295எக்ஸ்2 என்ற கார்டைக் கொண்டுவந்தது. 500 வாட் மின்சாரம், தண்ணீர் வைத்துக் குளிரூட்டல், விலை 1,499 டாலர். பெயருக்கு ஒரு கார்டு, உள்ளே இரண்டு.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கடும் மின்வெட்டிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தன. 2012-இல் பல கிராமங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. 500 வாட் கார்டு என்பது அந்த ஊர்களுக்கு வேற்றுக் கிரகத்துச் செய்தி.

2017 மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ வந்தது. 11 ஜிபி நினைவகம், நொடிக்கு 484 ஜிபி பாயும் மதகு, 699 டாலர். அன்றைய பெரும்பாலான கேம்களை 4கே திரையில் 60 ஃபிரேமை ஒட்டி ஓட்டிய முதல் சில தனிக் கார்டுகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். கேள்விக்கு 'போதும்' என்ற பதில் கிடைத்த இடம் இதுவே. இரண்டு கார்டு வழக்கமும் அதே சமயம் தளர்ந்துகொண்டிருந்தது. 2016-லேயே என்விடியா மூன்று, நான்கு கார்டு இணைப்பை ஓரங்கட்டிவிட்டது. 2020-இல் வந்த 30 வரிசைக் கார்டுகளில் 3090 ஒன்றுக்குத்தான் இணைப்பு முனை இருந்தது. 2021 ஜனவரி முதல் எஸ்எல்ஐ-க்குப் புதிய டிரைவர் ஏற்பாடுகள் செய்யமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2022-இன் 40 வரிசையில் முனையே இல்லை. வூடூ2-இல் தொடங்கிய வழக்கம் 24 ஆண்டில் முடிந்தது.

ஏன் முடிந்தது? விலை, வெப்பம், டிரைவர் தொல்லை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஆழமான காரணம் ஒன்று உண்டு. இந்த வரலாற்றிலேயே மிகச் சுவையான இடமும் அதுதான்.

2010-களில் கேம் செய்பவர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் வெறுந்தாளில் தொடங்கி வரைவதை விட்டுவிட்டார்கள். முந்தைய ஃபிரேமில் இந்த இலை எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்து, பழைய புள்ளிகளின் தகவலைப் புதிய ஃபிரேமோடு கலந்தார்கள். கோடுகளின் பிசிறு போக இது அருமையான வழி. ஆனால் இரண்டு கார்டு மாற்றி மாற்றி வரையும் ஏற்பாட்டுக்கு இது எமன். மூன்றாவது ஃபிரேமை வரையும் கார்டுக்கு இரண்டாவது ஃபிரேம் வேண்டும். அது அடுத்த கார்டின் வீட்டில் இருக்கிறது. போய் வாங்கி வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. பங்காளிகள் தனித்தனியாக உழுத நிலத்தில் திடீரென்று ஒரே வாய்க்கால் என்றாகிவிட்ட நிலைமை. 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 பல கார்டு வேலையைக் கேம் செய்பவர் பொறுப்பிலேயே விட்டது. மிகச் சிலர்தான் அதைத் தலையில் ஏற்றினார்கள்.

இரண்டு கார்டைக் கொன்ற அந்த முறைதான் ஒற்றைக் கார்டை வாழவைத்தது. முந்தைய ஃபிரேமின் தகவலைப் பயன்படுத்தலாம் என்றால் இந்த ஃபிரேமில் எல்லாப் புள்ளியையும் ஏன் வரைய வேண்டும்? 2016-இன் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ சதுரங்கப் பலகை போல ஒன்று விட்டு ஒரு கட்டத்தை வரைந்து, மீதியை முந்தைய ஃபிரேமிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் நிரப்பியது. தூர்தர்ஷன் காலத்துப் பாதி வரித் தந்திரத்தின் பேரப்பிள்ளை அது. 2018-இல் என்விடியா அறிவித்த டிஎல்எஸ்எஸ் இந்த வேலையைப் பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தது. முதல் பதிப்பில் படம் கலங்கலாக வந்தது. 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்புதான் நம்பும்படி இருந்தது. 4கே திரையில் அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் கார்டு உண்மையில் வரைவது 1920க்கு 1080, அதாவது நான்கில் ஒரு பங்கு புள்ளி. மீதி மூன்று பங்கு ஊகம். 2021 ஜூனில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வந்து, பழைய கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இந்த வசதியில் ஒரு பங்கைத் தந்தது.

இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உழைப்பை மிச்சப்படுத்துவது படக்கலை முழுவதிலும் உள்ள வழக்கம். ஆனால் 2022 அக்டோபரில் டிஎல்எஸ்எஸ் 3 கொண்டுவந்த 'ஃபிரேம் ஜெனரேஷன்' வேறு ரகம். அது புள்ளியை மட்டுமல்ல, இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் முழு ஃபிரேமையே ஊகித்துச் செருகுகிறது. எண் இரட்டிக்கிறது, ஆடுபவரின் விரலுக்குத் திரை பதில் சொல்லும் வேகம் இரட்டிப்பதில்லை. செருகிய ஃபிரேமையும் உழைத்து வரைந்த ஃபிரேமையும் ஒரே தட்டில் வைத்து எண்ணி விளம்பரம் செய்வது வாங்குபவருக்கு நியாயமல்ல.

ஏனென்றால் உண்மையான சுமை அப்படியே இருக்கிறது. 2023 ஏப்ரலில் 'சைபர்பங்க் 2077' கேமில் ஒளிக்கதிர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வெளிச்சத்தைக் கணக்கிடும் நிலை சேர்க்கப்பட்டது. அதை 4கே-யில், எந்த ஊகமும் இல்லாமல் ஓட்டினால், அன்று உலகின் மிக வலிய கார்டான 4090-லேயே நொடிக்கு 20 ஃபிரேமை ஒட்டித்தான் வந்தது. 2025 ஜனவரியில் வந்த 5090-இல் 32 ஜிபி நினைவகம், நொடிக்கு 1,792 ஜிபி மதகு. அதிலும் சுமார் 30 ஃபிரேம்தான். 8கே என்றால் புள்ளிகள் 3.3 கோடி. 2020 செப்டம்பரில் 3090-ஐ 8கே கேம் கார்டு என்று மேடையேற்றினார்கள். டிஎல்எஸ்எஸ் உதவியோடு சில கேம்கள் ஓடின. வழக்கமாக ஆடும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

2020-க்கும் 2022-க்கும் நடுவில் இந்தக் கேள்வி பலருக்குக் கேள்வியாகவே இல்லாமல் போனது. ஈத்தர் என்ற மின்னணு நாணயத்தைக் கணினிக் கணக்கால் ஈட்டும் 'சுரங்க' வேலைக்காகக் கார்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனார்கள். கடையில் கார்டே இல்லை, இருந்தாலும் விலை வைத்ததுதான் சட்டம். 2022 செப்டம்பர் 15-இல் அந்த நாணயத்தின் வலைப்பின்னலான ஈத்தீரியம் சுரங்க முறையைக் கைவிட்ட பிறகே சந்தை மூச்சு விட்டது. பயன்படுத்திய கார்டுகள் அதன்பின் ரிச்சி தெருவுக்கும் வந்தன.

இனி உத்திரமேரூர்க் கணக்கு. இந்தியாவில் 4090-இன் தொடக்க விலை 1,55,000 ரூபாய், 5090-இன் தொடக்க விலை 2,14,000 ரூபாய். இது கார்டுக்கு மட்டும். 4090 450 வாட் வரை எடுக்கும், 5090 575 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஆடினால் இரண்டு மாதத்தில் 4090 மட்டும் 108 யூனிட், 5090 மட்டும் 138 யூனிட். 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை வந்தது. அந்த 100 யூனிட்டை வீட்டு விளக்கும் ஃபேனும் தொடுவதற்கு முன்பே கார்டு ஒன்றே தின்று தீர்த்துவிடும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். கரண்ட் போனதும் இந்தக் கணினியை அது ஒரு நிமிடம்கூடப் பிடித்து நிறுத்தாது.

அடுத்தது வெயில். கத்திரி வெயிலில் காஞ்சிபுரம் மாவட்டம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறையில் பகல் முழுக்க அந்தச் சூடு நிற்கும். கிராபிக்ஸ் கார்டு அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டுச் சோதனைகள் 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. அங்கே அளந்த வேகம் இங்கே மே மாத மதியத்தில் கிடைக்காது. ஒரு கார்டுக்கே இப்படி என்றால், இரண்டு கார்டு ஒன்றன் மூச்சை மற்றது குடித்துக்கொண்டு நின்ற காலத்தில் இந்த வெயிலுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உலகம் முழுவதும் ஸ்டீம் தளத்தில் கேம் ஆடுபவர்களின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் இன்றும் பாதிக்கு மேற்பட்டவர்களின் திரை 1920க்கு 1080. 4கே வைத்திருப்பவர்கள் சுமார் இருபதில் ஒருவர். 1080 திரையை விடாமல் வைத்திருப்பவர் பின்தங்கியவர் என்ற எண்ணத்தில் எந்த நியாயமும் இல்லை, பெரும்பான்மை அவர்தான். பெரிய கார்டு இருந்தால்தான் நல்ல கேம் என்பதும் உண்மையல்ல. 2023 ஜூலையில் வந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் புட்டும் சமைத்துக்கொண்டே சொல்லும் கேம். டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்த அது 2024-இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. கைவரைபடம் போன்ற அந்தக் காட்சிகளுக்குத் தனிக் கார்டே தேவையில்லை.

ஆக, 4கே திரைக்கு ஒரு கார்டு போதும். ஊக முறையின் உதவியை ஏற்றுக்கொண்டால் நன்றாகவே போதும். ஏற்காமல் எல்லா ஒளிக்கதிரும் அசலாக வேண்டுமென்றால் இன்றைக்கு எந்தக் கார்டும் போதாது. 8கே-க்குப் போதாது. இரண்டாவது கார்டு வாங்குவது இனி வீண். அதை இணைக்க வழியும் இல்லை, அதற்காகக் கேம் செய்பவரும் இல்லை.

உத்திரமேரூரிலோ அதைப்போன்ற வேறு ஊரிலோ சேமித்த பணத்தில் கார்டு வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டு எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து, கணினி செருகும் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல கிராமத்து வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது, பின்னால் வயரே இல்லை. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, கார்டு விலையில் மிகச் சிறு பங்குதான்.